கனமான வண்டியைத் தனியாகச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துவது எப்படி?

கேட்கப்பட்டிருப்பது இது: ஐந்தடி இரண்டு அங்குல உயரமும் 50 கிலோ எடையும் உள்ள ஒருவர், அண்மையில் வாங்கிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியைத் துணையின்றிச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்த முடியுமா? கையில் பலம் போதாது என்று வீட்டார் சொல்கிறார்கள், ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டுக்காரரை அழைக்க வேண்டியிருக்கிறது, வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது என்று கேட்டவர் சொல்லியிருக்கிறார்.

முடியும். ஆனால் கையின் பலத்தைக் கூட்டுவதால் அது நடக்காது. வண்டியை ஏற்றுவது காலின் வழியாகக் கீழே இறங்கும் நம் உடல் எடை. கைகளின் வேலை வண்டியை நிமிர்த்திப் பிடிப்பதும் திசை காட்டுவதும் மட்டுமே. பணிமனைகளில் இரண்டு இளைஞர்கள் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து ஒரே மூச்சில் தூக்கி நிறுத்துவதைப் பார்த்தே பெரும்பாலோர் இதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதால், இது தூக்கும் வேலை என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்துவிட்டது. அந்த எண்ணத்தோடு முயல்பவர்களுக்கு முதுகுவலிதான் மிஞ்சுகிறது.

முதலில் ஸ்டாண்ட் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கும். என்ஜினுக்குப் பின்னால், சட்டத்தின் அடியில், ஓர் அச்சில் சுழலும்படி பொருத்தப்பட்ட இரண்டு கால்கள்தான் சென்டர் ஸ்டாண்ட். மடங்கியிருக்கும்போது அவை பின்சக்கரத்தை நோக்கி நீண்டிருக்கும். இடப்பக்கத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மிதிக்கம்பியை அழுத்தினால் அந்தக் கால்கள் இறங்கித் தரையைத் தொடும். தொடும் நேரத்தில் ஸ்டாண்டின் பாதங்கள் அச்சுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். அதற்குப் பிறகு பாதங்கள் ஊன்றிய இடத்திலேயே நிற்க, வண்டிதான் நகர்கிறது. அச்சு பின்னோக்கியும் மேல்நோக்கியும் வளைந்து சென்று, பாதங்களுக்கு நேர் மேலே உச்சத்தை அடைந்து, அதையும் தாண்டிச் சிறிது தாழ்ந்து, தடுப்பில் முட்டி அமர்கிறது. ஆகவே வண்டி மேலே போவது போலவே பின்னாலும் போக வேண்டும். பின்னால் போக விடாமல் மேலே மட்டும் தூக்க முயல்பவர், ஸ்டாண்டின் உதவியைத் தள்ளிவிட்டு முழுப் பாரத்தையும் தாமே சுமக்கிறார்.

இப்போது கணக்கு. இந்த வண்டியின் எடை 195 கிலோ. முன்சக்கரம் தரையிலேயே இருக்கிறது, பின்பகுதி மட்டும்தான் எழும்புகிறது. எனவே வண்டியின் எடைமையம் உயர்வது மிகக் குறைவு. ஒரு மதிப்பீட்டுக்காக அதை 3 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 195 கிலோவை 3 செ.மீ. உயர்த்தத் தேவையான வேலையை, 50 கிலோ எடையுள்ள ஒருவர் மிதிக்கம்பியின் மேல் ஏறி நின்று சுமார் 12 செ.மீ. கீழே இறங்குவதன் மூலமே செய்துவிடலாம். 112 கிலோ எடையுள்ள ஸ்ப்ளெண்டர் வண்டிக்கு இதே கணக்கில் 7 செ.மீ. கூடத் தேவைப்படாது. உராய்வும் பழக்கமின்மையும் இதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும் என்பது உண்மைதான். அந்தக் குறையை வலக்கையின் இழுப்பு நிரப்புகிறது. இருந்தாலும் வேலையின் பெரும்பங்கு எடையினுடையது. கிணற்றடியில் ஏற்றம் இறைத்த காலத்தில், துலா என்ற நீண்ட மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடந்தவர் தம் எடையை இடம் மாற்றியே தண்ணீரை மேலே கொண்டுவந்தார். கீழே நின்றவர் சால் என்ற நீர்வாளியைப் பிடித்துத் திருப்பிவிட்டார். சென்டர் ஸ்டாண்டில் இந்த இருவரின் வேலையையும் ஒருவரே செய்கிறார். காலுக்கு ஒரு வேலை, கைக்கு ஒரு வேலை.

செய்முறையைச் சொல்கிறேன். கெட்டியான, சமமான தரையைத் தேர்ந்தெடுங்கள். என்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஹேண்டில் பூட்டப்பட்டிருந்தால் திறந்து, ஹேண்டில்பாரை நேராக வையுங்கள். அது ஒரு பக்கம் திரும்பியிருந்தால் முன்சக்கரம் நேராகப் பின்னால் உருளாது. முன்பிரேக்கைப் பிடிக்கவே கூடாது. பயத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொள்வதும் முதல் கியரிலேயே விட்டுவிடுவதும் இயல்பாக நேர்பவை. ஆனால் சக்கரங்கள் உருண்டால்தான் வண்டி பின்னால் போகும் என்பதை மேலே பார்த்தோம்.

வண்டியின் இடப்பக்கத்தில், வண்டியைப் பார்த்தபடி, இருக்கைக்கு நேராக நெருங்கி நில்லுங்கள். இடக்கை ஹேண்டில்பாரின் இடப்பிடியில் இருக்கட்டும். வலக்கை, பின்னிருக்கைக்காரர் பிடித்துக்கொள்ளும் கம்பியைப் பிடிக்கட்டும். (மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி பின்னிருக்கைக்காரருக்காகக் கைப்பிடி ஒன்று இருக்க வேண்டும் என்கிறது, ஸ்டாண்ட் போடுபவருக்கும் அது பேருதவியாக இருக்கிறது. அழகுக்காக அதைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்கள் இந்த உதவியையும் இழக்கிறார்கள்.) கம்பி எட்டவில்லை என்றால் இருக்கைக்கு அடியில் சட்டத்தின் உறுதியான ஒரு பகுதியைப் பிடிக்கலாம், இருக்கையின் தோலையோ, பிளாஸ்டிக் மூடியையோ, இண்டிகேட்டரையோ, சூடான சைலன்சருக்கு அருகில் உள்ள எதையுமோ பிடிக்க வேண்டாம்.

சைடு ஸ்டாண்ட் கீழேயே இருக்கட்டும். புதிதாகப் பழகுபவருக்கு அது ஒரு காப்பு. வண்டியை மெதுவாக நிமிர்த்தி, வலக்காலால் மிதிக்கம்பியை அழுத்தி ஸ்டாண்டை இறக்குங்கள். இங்கேதான் மொத்த வேலையின் உயிர் இருக்கிறது என்பதால் இதற்கு நேரம் கொடுங்கள். ஸ்டாண்டின் இரண்டு பாதங்களும் ஒரே நேரத்தில் தரையில் இருக்க வேண்டும். முதலில் ஒரு பாதம்தான் தொடும். அப்போது வண்டி இன்னும் உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். மிதிக்கம்பியில் அழுத்தத்தைக் குறைக்காமல் வண்டியை மயிரிழை அளவுக்கு வலப்பக்கம் நிமிர்த்தினால், இரண்டாவது பாதமும் தரையில் தட்டும் சத்தம் கேட்கும். காலிலும் அந்தத் தட்டல் தெரியும். இடமும் வலமுமாக லேசாக அசைத்து, இரண்டு பாதங்களும் மாறி மாறித் தட்டுவதை உணர்ந்து, பிறகு நடுவில் நிறுத்துங்கள். ஏற்றாமல் இதை மட்டும் பத்துப் பதினைந்து முறை செய்து பழகுவது நல்லது.

வலப்பக்கம் விழுந்துவிடுமோ என்ற பயத்துக்கும் இதுவே விடை. இரண்டு பாதங்களும் தரையில் இருக்கும்வரை வண்டிக்கு அகலமான அடித்தளம் கிடைத்துவிடுகிறது. கீழே அழுத்திய மிதிக்கம்பி அந்த அடித்தளத்தைத் தரையோடு பிணைத்து வைக்கிறது. ஒரு பாதம் மட்டும் ஊன்றிய நிலையில் எடையைப் போட்டால்தான் வண்டி அந்த ஒற்றைப் பாதத்தின் மேல் முறுக்கிக்கொண்டு தடுமாறுகிறது. நான் பார்த்தவரை, வண்டி கைமீறிப் போகும் நிகழ்வுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன.

இரண்டு பாதங்களும் ஊன்றிவிட்டன என்பது உறுதியானதும், மிதிக்கம்பியின் மேல் உங்கள் வலப்பாதத்தின் நடுப்பகுதியை, குதிகாலுக்குச் சற்று முன்னால் இருக்கும் இடத்தை, வையுங்கள். நுனிவிரல்களால் மிதித்தால் கால் வழுக்கி, கம்பி முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் அடிக்கும். அந்த வலியைப் பட்டவர்கள் மறப்பதில்லை. தேய்ந்த ரப்பர் செருப்போடு இதைச் செய்ய வேண்டாம். இப்போது வலக்காலை நேராக்கி, படிக்கட்டில் ஏறுவதைப் போல அந்தக் கம்பியின் மேல் ஏறி நின்றுவிடுங்கள். இடக்கால் தரையை விட்டுக் கிளம்புமளவுக்கு உங்கள் எடை முழுவதும் வலக்காலுக்கு வர வேண்டும். அதே நொடியில் வலக்கை, தான் பிடித்திருக்கும் கைப்பிடிக் கம்பியைப் பின்னாலும் சற்று மேலுமாகக் கொண்டுசெல்கிறது. இடக்கை ஹேண்டில்பாரை நேராகப் பிடித்தபடி உடன் வருகிறது. முதுகு நிமிர்ந்தே இருக்க வேண்டும். குனிந்து இழுத்தால் எடை காலிலிருந்து கைக்கு மாறிவிடும், சுமை இடுப்புக்குப் போகும்.

எடையைத் தயங்கித் தயங்கிக் கொடுத்தால் வண்டி பாதி வழி வந்து திரும்பிவிடும். உதைப்பதும் குதிப்பதும் வேண்டாம். ஒரே சீரான, முழுமையான அழுத்தம் போதும். வண்டி எழும்பாவிட்டால் வலக்கையை இன்னும் பலமாக இழுக்காதீர்கள். எடையை மெல்ல விலக்கி, பாதங்கள் இரண்டும் தட்டுகின்றனவா என்று மீண்டும் பார்த்து, கால் முழு எடையையும் தாங்கியதா என்று கவனித்து, மறுபடி செய்யுங்கள். பெரும்பாலும் குறை, ஒரு பங்கு எடை இன்னும் இடக்காலிலேயே தங்கியிருப்பதுதான். தரையை முழுவதுமாக விட்டுவிட மனம் ஒப்பாதது இயற்கை. அந்த ஒரு தயக்கம் நீங்கிய நாளில் வண்டி தானாக ஏறியதுபோல் இருக்கும்.

முதல் சில முறைகளுக்கு ஒருவர் துணைக்கு இருப்பது நல்லது. அவர் வலப்பக்கத்தில், இருக்கை அருகில் நின்று, வண்டி தம் பக்கம் சாய்ந்தால் தடுக்கும் அளவுக்குக் கையை வைத்திருந்தால் போதும். உதவி செய்கிறேன் என்று அவர் இழுக்கத் தொடங்கினால் வண்டி யாருடைய கையில் இருக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும். இதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், குடலிறக்கம் அல்லது முதுகுத்தண்டுத் தொல்லை உள்ளவர்கள், கருவுற்றிருப்பவர்கள் ஆகியோர் எந்தச் சூழலிலும் இதைச் செய்ய வேண்டாம். அவர்களுக்குச் சைடு ஸ்டாண்டே போதும்.

எடை குறைந்தவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும் ஓர் உபாயம் பலகை. ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. கனமும், ஒரு முழம் நீளமும், டயரை விட அகலமும் உள்ள ஒரு மரப்பலகையைத் தரையில் போட்டு, பின்சக்கரத்தை அதன் மேல் உருட்டி ஏற்றுங்கள். சக்கரம் பலகையின் முன்முனைக்கு அருகில் நிற்கட்டும், ஏனெனில் வண்டி பின்னால் நகரும்போதும் சக்கரத்தின் கீழ் பலகை இருக்க வேண்டும். ஸ்டாண்டின் பாதங்கள் மட்டும் தரையில் ஊன்றுகின்றன. வண்டி எழும்ப வேண்டிய உயரத்தில் ஒரு பகுதியைப் பலகை முன்னரே கொடுத்துவிட்டதால், மிதிக்கத் தேவையான அழுத்தம் தெளிவாகக் குறைகிறது. இதற்கு மேல் கனமான பலகை வேண்டாம். ஸ்டாண்டின் பாதங்கள் சரியாக ஊன்றாமல் போகலாம். மிதிக்கம்பியில் இரும்புத்துண்டு வைத்துப் பற்றவைத்து நீட்டித் தருவதாகச் சில பட்டறைகளில் சொல்வார்கள். நீளம் கூடினால் மிதிப்பது எளிதாகும் என்பது உண்மை. ஆனால் இடப்பக்கம் வளைந்து திரும்பும்போது அந்த நீட்டல் சாலையில் உரசக்கூடும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவ்வளவு செய்தும் வண்டி எழும்ப மறுத்தால், உங்களைக் குறை சொல்லிக்கொள்வதற்கு முன் வண்டியைப் பாருங்கள். பின்டயரில் காற்று குறைந்திருந்தால் வண்டியின் பின்பகுதி தாழ்ந்து, ஏற்ற வேண்டிய உயரம் கூடிவிடும். பஞ்சரான வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போடுவது பலசாலிகளுக்கும் கடினமாவது இதனால்தான். உயரம் குறைந்தவர்கள் கால் எட்டுவதற்காகப் பின் ஷாக் அப்சார்பரை மாற்றி வண்டியைத் தாழ்த்தியிருந்தாலும் இதே விளைவுதான். பக்கப்பெட்டிகளில் சாமான் இருந்தால் இறக்கிவிடுங்கள். பழைய வண்டிகளில் அடிக்கடி காண்பது, ஸ்டாண்டின் அச்சில் கிரீஸ் வற்றித் துரு ஏறியிருப்பது. வாட்டர் சர்வீஸில் அழுத்தத்தோடு பீய்ச்சும் தண்ணீர் அழுக்கோடு கிரீஸையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அதன் பிறகு யாரும் அந்த இடத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சர்வீஸுக்கு விடும்போது ஸ்டாண்டின் அச்சைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கும்படி தனியாகச் சொல்லுங்கள்.

ஸ்பிரிங்கையும் கவனிக்க வேண்டும். மடங்கிய ஸ்டாண்டைச் சட்டத்தோடு இழுத்துப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அது தளர்ந்துவிட்டாலோ ஒரு முனையில் கழன்றுவிட்டாலோ, ஓடும் வண்டியில் ஸ்டாண்ட் தொங்கி, வேகத்தடையிலோ வளைவிலோ தரையைப் பற்றிக்கொள்ளும். வண்டி ஓடும்போது அடியிலிருந்து இரும்பு ஆடும் சத்தம் வந்தால் நிறுத்திப் பார்த்துவிட்டே மேலே செல்லுங்கள்.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சரிவைத் தவிர்ப்பதே சரி. தவிர்க்க முடியாத சிறு சரிவென்றால் வண்டியின் முகம் மேட்டைப் பார்த்து இருக்கட்டும். அப்போது பின்னால் இழுப்பது எளிதாகும். ஸ்டாண்டிலிருந்து நழுவ வேண்டுமென்றால் வண்டி மேட்டை நோக்கி நகர வேண்டும், அது தானாக நடக்காது. முகம் பள்ளத்தைப் பார்த்திருந்தால், ஒரு சிறு தள்ளலிலேயே வண்டி உச்சத்தைத் தாண்டி முன்னால் இறங்கி ஓடிவிடும். நெரிசலான நிறுத்துமிடத்தில் ஒருவர் இடித்துக்கொண்டு போனாலே போதும். மழையில் ஊறிய மண்ணிலும், வெயிலில் இளகிய தாரிலும் ஸ்டாண்டின் பாதங்கள் புதையும். அங்கே பாதங்களுக்கு அடியில் தட்டையான கல்லோ பலகையோ வேண்டும்.

ஸ்டாண்டிலிருந்து இறக்குவது எளிது என்பதாலேயே அதில் கவனம் குறைந்துவிடுகிறது. முதலில் சைடு ஸ்டாண்டைக் கீழே இறக்கிவிடுங்கள். ஹேண்டில் பூட்டைத் திறந்து, கியர் நியூட்ரலில் இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நின்று, இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரின் இரு பிடிகளையும் பிடித்து, இடுப்பை வண்டியோடு ஒட்டி வைத்து முன்னால் தள்ளுங்கள். பின்சக்கரம் தரையில் இறங்கியதும் வலக்கையால் முன்பிரேக்கைப் பிடித்து நிறுத்தி, வண்டியை உங்கள் பக்கமாகச் சாய்த்துச் சைடு ஸ்டாண்டில் ஊன்றவிடுங்கள். இருக்கையில் உட்கார்ந்துகொண்டு முன்னால் உந்தி இறக்கும் வழக்கம் பலருக்கு உண்டு. இந்த வண்டியின் இருக்கை உயரமே 805 மி.மீ.; ஸ்டாண்டில் நிற்கும்போது அது இன்னும் கூடும். ஐந்தடி இரண்டு அங்குல உயரம் உள்ளவருக்கு அந்த நிலையில் கால் உறுதியாக ஊன்றாது என்பதால் நின்றுகொண்டு இறக்குவதே உங்களுக்கு ஏற்றது.

ஸ்கூட்டருக்கும் இதே முறைதான். ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் வையுங்கள்: கியர் இல்லாத ஸ்கூட்டரைச் சென்டர் ஸ்டாண்டில் வைத்து ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரைத் திருகினால் பின்சக்கரம் காற்றில் சுழலும், அந்த நேரத்தில் யாராவது ஸ்டாண்டிலிருந்து இறக்கினால் சக்கரம் தரையைத் தொட்டதும் வண்டி பாய்ந்துவிடும். பின்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்வதும், சிறுவர்களை அருகில் விடாமல் இருப்பதும் கட்டாயம்.

இவ்வளவு சிரமப்பட்டு இதைப் பழகத்தான் வேண்டுமா என்ற எண்ணம் வரலாம். பழைய புல்லட் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, என்ஜினுக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தளர்த்தும் டிகம்ப்ரஷர் நெம்புகோலை அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவில் வருவதைப் பார்த்துக் கிக்கரை உதைப்பது பலரின் காலைப் பழக்கமாக இருந்தது. இப்போது பொத்தானை அழுத்தினால் என்ஜின் உயிர்பெற்றுவிடுவதால் பலர் சென்டர் ஸ்டாண்டைத் தொடுவதே இல்லை. அதனால் முதலில் கெடுவது செயின். கிளாசிக் 350இன் செயின் முழுவதுமாக மூடப்பட்டதன்று. தூசியும் சேறும் நேராகப் படியும். ஏறத்தாழ 500 கி.மீ.க்கு ஒருமுறை அதைத் துடைத்து, செயின் ஸ்ப்ரே அடிக்க வேண்டுமென்றால் பின்சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டும். சைடு ஸ்டாண்டில் வைத்துக்கொண்டு வண்டியை அடியடியாக உருட்டிச் செய்வதில் பாதிச் செயின் விட்டுப்போகும். கம்பிச் சக்கரமும் ட்யூபும் உள்ள வண்டியென்றால், பஞ்சருக்குப் பின்சக்கரத்தைக் கழற்றும்போது சென்டர் ஸ்டாண்ட் இன்றியமையாதது. என்ஜின் ஆயிலின் அளவை வண்டி நிமிர்ந்து நிற்கும்போதுதான் சரியாகப் பார்க்க முடியும். சாய்ந்த வண்டியில் தெரியும் அளவு பொய்யானது.

செயினைத் துடைக்கும்போது என்ஜின் அணைந்திருக்க வேண்டும், சாவி வெளியே இருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். வேலை சீக்கிரம் முடியும் என்று முதல் கியரில் என்ஜினை ஓடவிட்டுச் சுழலும் செயினில் துணியைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் இடையில் துணி சிக்கினால் விரலும் உடன் போகும். கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது. ஒரு கையால் சக்கரத்தைச் சிறிது சுழற்றி நிறுத்தி, அது நின்ற பிறகு செயினின் கீழ்ப்பகுதியைப் பல்சக்கரத்திலிருந்து விலகிய இடத்தில் துடைத்து, மறுபடி சுழற்றுங்கள்.